தண்ணி வந்தா திட்டணும்

அன்புள்ள மகன் வசந்தகுமாருக்கு அம்மா சுந்தராம்பாள் எழுதறது. அம்மன் புண்ணியத்துல இங்க எல்லாரும் நல்லாத்தான் கீறோம், உங்கப்பா மட்டும் நடுவுல ரெண்டு நாளு சோறு வேணாம்னு கெடந்தாரு, ஒடம்புக்கு ஒண்ணும் இல்ல, ரோஷம். அங்க போலந்துல நீயும் மருமக பூஜாவும் குளிருக்குத் தலைய மூடிக்கினு சொகமா கீறீங்களா. போன்ல பேசினா உங்கப்பா பக்கத்துல வந்து காத நீட்டிக்கினு ஒக்காந்துக்கறாரு, அதான் பேப்பர்ல எழுதி உன் தங்கச்சி காவேரிகிட்ட குடுத்து அதப் போட்டோ புடிச்சு அனுப்பச் சொல்லிக் கீறேன்.

விஷயமே காவேரிதான். ஒரகடம் கம்பெனில அது கூட ஒரே லைன்ல வேல பாக்கற தமிழ்வாணனத்தான் கட்டிக்குவேன்னு சொல்லுது. ஜாதகம் பொருந்துது, வயசு பொருந்துது, ஷிப்டு கூடப் பொருந்துது, ஆறு ஒண்ணுதான் பொருந்தல. பையன் அக்கரை. அக்கரைக்குப் பொண்ணு குடுக்கறதும் இல்ல எடுக்கறதும் இல்லன்னு நம்மூரு சட்டம் உனக்குத் தெரியும், பூஜா மதுரைப் பொண்ணு, அதுக்குத் தெரியாது, படிச்சுக் காட்டு. நம்மூர ஏதோ ராஜா தானமாக் குடுத்தாருன்னு கோயில் கல்லுல எழுதிக் கீதாம், யாரும் படிச்சதில்ல. எனக்குத் தெரிஞ்சு வேண்டாத எடத்தத்தான் தானம் குடுப்பாங்க. ஆறுன்னு ஒண்ணு ஓடுது, சென்னைக்குப் போனா அதுக்கு அடையாறுன்னு பெரிய பேரு, இங்க மூணு மாசம் தண்ணி, மிச்ச நாளு வேலிகாத்தான் முள்ளு. அந்த மூணு மாசத் தண்ணிக்குத்தான் ரெண்டு கரையும் அடிச்சுக்கும். நாம மணல்ல அண போட்டு வாய்க்கால்ல திருப்பினா அவங்க வந்து ஒடைப்பாங்க, அவங்க போட்டா நாம. ஒரு தபா மண்ட ஒடஞ்சு கோர்ட்டு வரைக்கும் போயி, ரெண்டு ஊருப் பெரியவங்களும் அலுத்துப் போயி ஒரு முடிவு கட்டினாங்க. இனிமே கை நீட்டக் கூடாது, வாய நீட்டலாம். புதுத்தண்ணி வர்ற அன்னிக்கு ரெண்டு கரையிலயும் ஆம்பளைங்க நின்னு பொழுது சாயற வரைக்கும் திட்டிக்கணும், வூட்டுப் பொம்பளைங்கள மட்டும் இழுக்கக் கூடாது. திட்டாம வுட்டா அடுத்த வருஷம் ஏரி ரொம்பாதுன்னு ஒரு நம்பிக்க வேற. இப்ப இந்தக் கரை பூரா குடோனு, அந்தக் கரையில புதுக் காருங்கள வரிசையா நிறுத்தி வெச்சுக் கீறாங்க, ரெண்டு பக்கமும் ஒரு படி நெல்லு வெளையல, திட்டு மட்டும் நிக்கல. ஒரே கம்பெனி பஸ்ஸுல பக்கத்துப் பக்கத்து சீட்டுல தூங்கிக்கினு போற பசங்க, அன்னிக்கு ஓ.டி.ய வுட்டுட்டு வந்து ஜென்மப் பகையாளியா நிக்கறானுங்க. மாடில குடியிருக்கற திருநெல்வேலி இசக்கிபாண்டி மொத வருஷம் கலவரம்னு நெனச்சு கதவ தாப்பா போட்டுக்கினான். இப்ப, எங்க ஊர்ல பாசமாப் பேசுறதே இதவிடக் காரமா இருக்கும்க்கான்றான்.

நம்ம பக்கத்துக்கு உங்கப்பா கோதண்டம்தான் தலைவரு, அந்தப் பக்கத்துக்குப் புருஷோத்தமன். அவருதான் தமிழ்வாணனுக்கு அப்பா, பொருத்தம் எப்டி. காவேரி விஷயம் காதுல வுழுந்ததும் உங்கப்பா, தண்ணி வரட்டும் பாத்துக்கறேன்னாரு. போன செவ்வாக்கெழம ஏரி ரொம்பி வழிஞ்சு ஆத்துல தண்ணி வந்துடுச்சு. மத்த வருஷம் கரையில நிக்கறவரு இந்த வருஷம் வேட்டிய மடிச்சுக் கட்டிக்கினு கோவத்துல முட்டித் தண்ணில எறங்கிட்டாரு. மொதல்ல எல்லாம் வழக்கம்போலத்தான், நீ காருக்கு வாட்ச்மேனு, நீ குடோனுக்கு வாட்ச்மேனுன்னு போச்சு. அப்புறம் இவருக்கு இன்னா ஏறிச்சோ, எம் பொண்ணக் கேட்டு இந்தத் தண்ணியத் தாண்டினா உம் மவன் கால ஒடச்சு ஆத்துல வுட்டுருவேன்டான்னு கத்திட்டாரு. பொம்பளைங்கள இழுக்கக் கூடாதுன்ற சட்டத்த மீறினது அவங்க இல்ல, இவரு, அதுவும் தான் பெத்த பொண்ண. கரை மேல பொம்பளைங்களோட நின்ன காவேரி ஓடி வந்து என் கையப் புடிச்சுக்கிச்சு. இதோட இவ வாழ்க்க முடிஞ்சுதுன்னே நெனச்சேன். புருஷோத்தமன் பதிலுக்கு ஒரு வார்த்த தப்பா வுட்டிருந்தா ரெண்டு குடும்பமும் இந்த ஜென்மத்துல சேராது. அவரு ரெண்டு கையும் வாய்கிட்ட குவிச்சு வெச்சு, "சம்பந்தி, அங்க இழுப்பு ஜாஸ்தி, மேல ஏறி நில்லுங்க"ன்னாரு.

இத்தினி வருஷமா டேய் கோதண்டம்னு கூப்புட்ட வாயிப்பா அது. எனக்கு அழுகையும் வந்துது, சிரிப்பும் வந்துது. உங்கப்பா வேட்டியப் புடிச்சுக்கினு மேல ஏறி நின்னாரு. கோதண்டம் அக்கரைக்காரன் பேச்சக் கேட்டாருன்னு டீக்கடையில இன்னிக்கும் அதே பேச்சு. வூட்டுக்கு வந்து சத்தம் இல்லாம டிவி பாத்துக்கினு படுத்தவருதான், எழுந்துக்கல. நேத்து ரசஞ்சோத்தப் பெசஞ்சு எடுத்துக்கினு போயி பக்கத்துல ஒக்காந்தேன். பையன் நல்லவன்தான்டி, குடுத்துடலாம்னாரு. நான் சாமிக்குக் கையெடுக்கறதுக்குள்ள, "ஆனா வர்ற வருஷம் தண்ணி வந்தா நான் யாரத் திட்டறது?"ன்னாரு. கிண்டல் பண்ண வாய் வரைக்கும் வந்துது, மூஞ்சியப் பாத்தேன், பண்ணல. நெலம் போச்சு, மாடு போச்சு, அந்த மனுஷங்கிட்ட மிச்சம் கீற வெவசாயம் இந்தத் திட்டு ஒண்ணுதான். பாவமாப் போச்சுடா.

தை மாசம் நாள் பாக்கறோம், இப்பவே லீவு சொல்லி வெச்சுடு. அப்பாவுக்குப் போன் பண்ணு, ஆனா நான் எழுதினதக் காட்டிக்காத, தானாச் சொல்லுவாரு, தான் ஜெயிச்ச மாதிரிதான் சொல்லுவாரு, ஊம் கொட்டிக்கோ. பூஜாவ வெறும் ரொட்டியத் தின்னுட்டு வேலைக்குப் போவ வேணாம்னு சொல்லு. ரெண்டு பேரும் நோய்நொடி இல்லாம, கொறையில்லாம, நூறு வயசு ஒருத்தருக்கொருத்தர் தொணையா இருக்கணும். உங்கப்பாவுக்கு நான் இன்னா பதில் சொன்னேன்னு கேப்பே. சம்பந்தியத் திட்டறதுக்கு ஆத்துல தண்ணி எதுக்குய்யா, வருஷம் பூராத் திட்டலாமேன்னேன். எழுந்து ஒக்காந்து தட்ட வாங்கிக்கினாரு.

இப்படிக்கு
உன் வரவுக்கு வழி பாத்துக்கினு கீற
அம்மா சுந்தராம்பாள்