சுட்டுவிரல் இல்லாத கை

தம்பிக்கு,

நான் மேடையேறிய பின்னரே இக்கடிதத்தை உன் கையில் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். நீ வேண்டியபடியே உன் ஓவியத் திறப்பு விழாவில் பேச வந்துவிட்டேன். உன் புரவலரும் குடும்பத்தோடு முன்வரிசையில் இருக்கிறார், மகிழ்ச்சி.

துறைமுக வேலைநிறுத்த ஓவியத்தை நேற்றே பார்த்தேன். ஊர்வலத்தின் முன்னே கையுயர்த்தி நிற்கும் நம் அப்பாவின் உடலில், புரவலருடைய தாத்தாவின் முகம்! அப்போராட்டத்தை உடைக்க ஆள் திரட்டிய கங்காணியின் முகம்! ஏன் என்று கேட்டேன். "ஸ்பான்சர் ஆசைப்பட்டாரு, ஒரு முகம்தானேக்கா, விடுங்க லா" என்று சிரித்தாய்.

இருபது ஆண்டுகளுக்கு முன், சிங்கப்பூரில் நம் புக்கிட் மேரா வீட்டில் அப்பாவை நிற்க வைத்து, இவ்வோவியத்துக்காக நீ சுண்ணக்கட்டியால் வரைந்த முன்வரைவுகள் பதினொன்றும் என்னிடம் உள்ளன. கப்பலில் பாரந்தூக்கி இயந்திரம் பறித்துவிட்ட அவருடைய சுட்டுவிரலை நீ இரக்கப்பட்டு வரைந்து சேர்த்தாய். அவர் அதட்டினார்: "அழிடா அத. அந்த விரலு இல்லாததாலதான் இது என் கை."

நீ அழித்தாய். அந்தத் தாளைப் படமெடுத்து வைத்திருந்து, அந்தக் கையை அப்படியே ஓவியத்தில் ஏற்றியிருக்கிறாய். முகத்தை விற்ற அவசரத்தில் விரலை மறந்துவிட்டாய். கங்காணி பத்து விரல்களும் தெரிய அமர்ந்திருக்கும் நிழற்படத்தையோ விழா மலரின் முதல் பக்கத்தில் நீயே அச்சிட்டிருக்கிறாய்.

இந்நேரம் நீ விரலை அழித்த அந்தத் தாளை மேடையில் உயர்த்திப் பிடித்திருப்பேன். தலைநிமிர்ந்து பார், தம்பி. அவையோர் ஓவியத்திலும் மலரிலும் விரல்களை எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
அப்பாவின் மகள்