அம்மா வீட்டில் போன நல்ல நாட்கள்

14.6.94 செவ்வாய்

விடாத மழை. காலேஜ் கட். அக்காவுக்குத் துணையாக நெய்யாற்றின்கரை மலையாள லேடி டாக்டரிடம். கல்யாணமாகி மூணு வருஷம், குழந்தை இல்லை. திருப்புறத்து மாமியார் போன மாசம் அக்கா காதுபட: "இந்த வருஷம் பார்ப்போம். அப்புறம் மகனுக்கு வேற யோசிக்கணும்."

டாக்டர் கேட்கக் கேட்க அக்கா தரையைப் பார்த்துச் சொன்னாள். தூரமானதும் அம்மா வீடு. மாமியார் பூஜைக்காரி, அங்கே தீட்டு ஆகாது. தலைக்குக் குளிச்ச பிறகும், உடம்பு தேறணும்னு அம்மா பதினஞ்சு நாள் விடமாட்டாள்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "அப்போ கர்ப்பம் பிடிக்கேண்ட திவசமெல்லாம் அம்மயுடெ வீட்டிலாணோ?" கரு பிடிக்கிற நாளெல்லாம் அம்மா வீட்டிலா என்று.

அடுத்த தீட்டுக்கு ஏறக்குறைய ரெண்டு வாரம் முன்னால் முட்டை வெளியே வருமாம். அந்த நாளும் முந்தின நாலஞ்சு நாளும்தான் வாய்ப்பு. அக்காவுக்கு 28 நாள், தவறாது. ஆக, முட்டை வரும்போதெல்லாம் அக்கா இங்கே பாறசாலையில், அத்தான் திருப்புறத்தில். முட்டை மேல் குற்றமில்லை, பஸ் ரூட்தான் சரியில்லை.

16.6 வியாழன்

லேசா வெயில். அம்மாகிட்ட சொல்ல அக்காவுக்கு வெட்கம்.

"நீ சொல்லுட்டி."

"நானா? பதினேழு வயசுல இதைப் பேசினா அகப்பையாலயே அடி உண்டு."

ஆகவே, அக்காவை உடனே அனுப்ப ஒரு பொய். பக்கத்துக் கடைக்கு அத்தான் ஃபோன் பண்ணினார், அவருக்குக் காய்ச்சலாக்கும்.

அம்மா: "அப்போ நானும் வாறேன். அந்தப் பூஜைக்காரி கஞ்சி வெச்சுக் குடுப்பாளா?"

என் மண்டையில் நானே ஒரு குட்டு.

17.6 வெள்ளி

பஸ். அம்மா மடியில் கஞ்சித் தூக்கு. அக்கா ஜன்னல் பக்கம் முகம் திருப்பி. வேற வழியில்லை, அம்மா காதில் எல்லாத்தையும் ஓதினேன். காய்ச்சல் பொய், முட்டை நிஜம்.

அம்மா தூக்கு மூடியை அழுத்தி மூடினாள். பிறகு மெல்ல: "அப்போ நானாக்கும் தடுத்துப்போட்டேன்?"

அக்கா: "எனக்கும்தான் தெரியாதும்மா."

அடுத்த ஸ்டாப்பில் அம்மா தானும் இறங்கி, என் சடையைப் பிடித்து இறக்கினாள். தூக்கு அக்கா கையில். "மக்கா, நீ போ. மாமியார் கேட்டா அம்மா விரட்டி விட்டான்னு சொல்லு."

திரும்பி நடை. வழியெல்லாம் எனக்குத் திட்டு. நடுவில் ஒரு சந்தேகம்: "எட்டி, டாக்டர் எத்தனை நாள் முன்னாடின்னு சொன்னா?"

9.7 சனி

தூறல். தூரமானா அக்கா வரவேண்டியது புதன். வரல. வியாழன், வெள்ளி, வரல. முதல் மாசமே ஆகணும்னு இல்லை, ஒரு வாரம் தள்ளினா டெஸ்டுக்கு வா என்றுதான் டாக்டர் சொன்னது. அம்மாவுக்கு அதெல்லாம் காதில் ஏறல. ஒவ்வொரு பஸ் சத்தத்துக்கும் வாசலுக்கு ஓட்டம். மகள் இறங்கலைன்னா சிரிப்பு. இப்படி ஒரு தாய் ஊர்ல உண்டா?

இப்போ ஒண்ணு வந்து நின்னிருக்கு. அம்மா வாசலில், மூச்சைப் பிடித்துக்கொண்டு.

இறங்கினது மீன்காரி.