மூன்று உருண்டைச் சோறு

எனக்குப் பிசைந்து போட்டே கை தேய்ந்துபோன பாவாயி அக்காவுக்கு,

நல்லா இருக்கிறாயா என்று கேட்கமாட்டேன். அங்கே யாரும் உன் மூக்கில் குழாய் சொருகவில்லை என்று மட்டும் நம்பிக்கொண்டிருக்கிறேன்.

வருகிற புதன்கிழமை உனக்கு வருஷத் திதி. சொந்தபந்தமெல்லாம் சேர்ந்து உன் படம் போட்டு ஒரு சின்னப் புத்தகம் அச்சடிக்கிறார்கள். ஆளுக்கு ஒரு பக்கம், எனக்கு மட்டும் மூன்று. நானே சண்டை போட்டு வாங்கியதுதான், ஆனால் கொடுத்தார்கள் என்றே வைத்துக்கொள். "எட்டாவதோட நின்னவனுக்கு எதுக்குங்க மூணு பக்கம்?" என்றாராம் உன் கொழுந்தன். நான் எட்டாவதில் படித்த அளவுக்கு இன்றைக்குக் காலேஜில்கூடப் படிப்பதில்லை என்று சொல்லி அனுப்பினேன்.

ஃபீடு என்று ஓர் இங்கிலீஷ் சொல் இருக்கிறதே, அதை எந்த வாத்தியாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. போர் போடுகிற திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் போனபோது கற்றுக்கொண்டேன். "ஃபீடு குடு, ஃபீடு குடு" என்று டிரில்லர் கத்துவார். நான் லீவரை அழுத்துவேன், ராடு பாறைக்குள் இறங்கும். மத்தியப் பிரதேசத்தில் ஒரே மூச்சில் ஆயிரத்தைந்நூறு அடி இறக்கியவன் நான். சரி, ஆயிரம்.

அப்புறம் நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணைக்கு வந்தேன். அங்கே ஃபீடு என்றால் மக்காச்சோளமும் சோயாவும் கருவாட்டுத் தூளும் சேர்த்து அரைத்த தீவனம். பிறகு உனக்கு வாதம் அடித்துப் படுத்தாய். மூக்குக் குழாயில் ஊற்றுகிற சத்துமாவுக் கஞ்சியையும் நர்ஸம்மா ஃபீடு என்றுதான் சொன்னது. இப்போது உன் ஒரே மகள் கோகிலா குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனால், "ஃபீட் பண்றாங்க மாமா, கொஞ்சம் இருங்க" என்று மாப்பிள்ளை என்னை வாசலில் நிறுத்துகிறார். போனைத் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கிற படங்களுக்கும் அதே பேராம். நேற்று அதில் நீ வந்தாய். வாய் கோணாத முகம், பல் தெரிகிற சிரிப்பு. நான் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

ஆமாம், உனக்குப் பேத்தி. நீ போகும்போது மூன்று மாதக் கருவாக இருந்தாளே, அவள்தான். உன் மூக்கு. இந்த வெள்ளிக்கிழமை மலைக்கோயிலில் அவளுக்கு முதல் சோறு ஊட்டுகிறார்கள். கோகிலாவுக்குக் கூடப்பிறந்தவன் இல்லை, அதனால் தாய்மாமன் முறை என் தலையில் வந்தது. ஒரு வாரமாகப் பண்ணையில் அதையேதான் பேசிக்கொண்டு திரிந்தேன். வெள்ளிக் கிண்ணம் வாங்கியிருக்கிறேன் என்றுகூடச் சொல்லிவிட்டேன். எவர்சில்வர்தான்.

அந்தக் கிண்ணத்தைக் கொடுக்கத்தான் முந்தாநாள் ஆட்டையாம்பட்டி போனேன். கோகிலா பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு நட்டுக்குத்தலாக நின்றிருந்தாள். பால் கொடுத்தால் ஒரு மணி நேரம் பாப்பாவைக் கீழே கிடத்தமாட்டாளாம். கால் வீங்கியிருந்தது.

"உக்காரு சாமி, ஏப்பம் எப்பவோ வந்திருக்கும்" என்றேன்.

"வந்திருச்சுங்க மாமா. இருந்தாலும் பயமா இருக்குது." பாப்பா முதுகைத் தடவிக்கொண்டே, "ஏனுங்க மாமா, வெள்ளிக்கிழமை முழுக்க நீங்களே ஊட்டோணும். பெத்தவளும் ஒரு வாய் குடுக்கோணும்பாங்க. என்னையக் கூப்பிட உட்றாதீங்க. என்ற கை வேண்டாம். அம்மாளக் கொன்ன கை" என்றாள்.

அக்கா, ஊருக்கே கதை சொல்கிற வாய் இது. உனக்கு நான் பார்த்த பணிவிடையை எத்தனை டீக்கடையில் அளந்திருக்கிறேன்! உன்னைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறினேன் என்றுகூடச் சொல்லியிருக்கிறேன். ஆஸ்பத்திரியில் லிப்ட் இருந்தது. ஆனால் ஒன்றை மட்டும் எவரிடமும் சொல்லவில்லை. உனக்குத் தெரியும். உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

அன்றைக்குக் காலையில் கோகிலா வயிற்றுக்கு ஸ்கேன் எடுக்க ராசிபுரம் கிளம்பினாள். என்னைக் காவல் வைத்துவிட்டு வாசல்வரை போனவள் திரும்பி வந்தாள்.

"பத்து மணி ஃபீடு குடுத்துட்டனுங்க மாமா. அடுத்தது நான் வந்துதான். வாயில மட்டும் ஒண்ணும் வெச்சிராதீங்க. முழுங்கற நரம்பு செத்துப்போச்சுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

"போ சாமி, நான் லட்சம் உயிருக்குத் தீனி போட்டவன். எனக்கே சொல்லித்தாரயா?"

அவள் சிரித்தாள். அதற்கப்புறம் அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

பண்ணையில் விடிந்ததும் நான் செய்கிற முதல் வேலை உனக்குத் தெரியும். கூண்டு வரிசையோடு நடந்து பார்ப்பேன். தீவனம் விழுந்ததும் எல்லாக் கோழியும் கழுத்தை வெளியே நீட்டும். நீட்டாத கோழி சாயங்காலம் தாண்டாது. அப்படி ஒன்று கண்ணில் பட்டால் கையில் எடுத்து, அலகை இரண்டு விரலால் பிரித்து, ஈரத் தீவனத்தை உருட்டி உள்ளே வைத்து, கழுத்தை மேலிருந்து கீழே நீவி விடுவேன். பத்தில் இரண்டு பிழைக்கும். நான் ஊரில் எட்டு என்று சொல்வேன்.

நீ இருபது நாளாகக் கழுத்தை நீட்டவில்லை, அக்கா. குழாயில் இறங்குவதெல்லாம் எனக்குச் சாப்பாடாகவே தெரியவில்லை. தானாக ஒரு வாய் முழுங்கிவிட்டால் நீ எழுந்துவிடுவாய், பேரக்குழந்தையைப் பார்த்துவிடுவாய் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக அதைத்தான் நினைத்தேன்.

அடுப்படியில் கோகிலா ஆக்கி வைத்திருந்த அரிசியும் பருப்பும் சேர்ந்த சோறு இருந்தது. நெய் விட்டு, நீ எனக்குப் பிசைவதுபோலவே மசியப் பிசைந்தேன். மூன்று உருண்டை. நீ பல்லைக் கடித்துக்கொண்டாய். நான் பிரித்தேன். உன் நல்ல கை என் மணிக்கட்டைப் பிடித்தது. ஆசையாகப் பிடிக்கிறாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நீ தள்ளினாய், அக்கா. அது தள்ளிய கை. எனக்கு அப்போதே தெரியும்.

மூன்றாவது உருண்டைக்குக் கழுத்தை நீவினேன். இருமல் வந்தது. உன் உதடு நீலமானது. நிமிர்த்தி உட்காரவைத்து முதுகில் தட்டினேன். எப்படியோ அடங்கியது. உன் வாயைத் துடைத்தேன், வட்டிலைக் கழுவிக் கவிழ்த்தேன். கோகிலா வந்து, "அம்மா எப்படி இருந்தாங்க?" என்றபோது, "ராணி மாதிரி" என்றேன். அவள் உனக்கு மதிய ஃபீடு கொடுத்தாள். சாயங்காலம் காய்ச்சல்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் எக்ஸ்ரேவைத் தூக்கிப் பார்த்தார். "ஆகாரம் நுரையீரலுக்குள்ள போயிருக்குது. யாரு குடுத்தது?"

"நான்தாங்க டாக்டர்" என்றாள் கோகிலா.

நான் பக்கத்தில்தான் நின்றேன். கையில் உன் போர்வை. டாக்டர் அவளைப் பார்த்த பார்வையை நானும் பார்த்தேன். "அவளில்லைங்க, நானுங்க" என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? ரிக் வண்டிக் கதையை மூன்று மணி நேரம் சொல்கிறவனுக்கு இரண்டு வார்த்தை வரவில்லை. ஐந்தாம் நாள் நீ போய்விட்டாய். அந்தப் பழியை அந்தப் பெண் வயிற்றுப் பிள்ளையோடு சேர்த்துச் சுமந்தாள். இந்த ஒரு வருஷத்தில் எத்தனை தடவை அவள் வீட்டில் சாப்பிட்டிருக்கிறேன்! அவள் பரிமாற, நான் வாங்கி வாங்கி முழுங்கினேன். எனக்கு மட்டும் எப்படி இறங்கியது?

முந்தாநாள் "அப்படிச் சொல்லாத சாமி" என்று மட்டும் சொல்லிவிட்டு, கிண்ணத்தை வைத்துவிட்டு பஸ் ஏறிவிட்டேன்.

நாளைக் காலையில் போகிறேன். இந்தத் தாள் அச்சுக்குப் போகும் முன்னால் கோகிலா என் வாயால் கேட்கவேண்டும். மூன்று மாடிக் கதைபோலச் சொல்லமாட்டேன். உருண்டை மூன்று, நீ தள்ளினாய், நான் திணித்தேன், அவ்வளவுதான். செருப்பைக் கழற்றினால் வாங்கிக்கொள்கிறேன். வெளியே போ என்றால் போகிறேன். அப்புறம் அவள் சரியென்றால் இதை அப்படியே அச்சடிக்கட்டும், சொந்தபந்தம் எல்லாம் படிக்கட்டும். மூன்று பக்கம் கேட்டு வாங்கினவனாயிற்றே.

வெள்ளிக்கிழமை பேத்திக்குச் சோறு ஊட்டுவது கோகிலாவின் கைதான். உனக்குக் கடைசிவரை ஒரு கெடுதலும் செய்யாத கை அது. என்னை உள்ளே விட்டால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். பாப்பா வாயை மூடிக்கொண்டால், "விட்டுரு சாமி, வேண்டாங்குது" என்று சொல்வேன். என்னை உள்ளே விடாவிட்டால் வெளியே செருப்புகளோடு நிற்பேன். உன் தலைமேல் அடித்துச் சொல்கிறேன், இனி எந்த உயிரின் வாயையும் இந்த விரல் பிரிக்காது.

நீ தள்ளியும் விலகாத கைக்குச் சொந்தக்காரன்,
உன் தம்பி செல்லமுத்து