அக்னஸ் சொல்ல வேண்டிய மறுபாதி

சேசு மரி சூசை துணை

மன்னார்புரம், திருச்சி
12.8.1981

கண்ணு ராசுக்குட்டி, மாதா புண்ணியத்தில் நானும் தங்கச்சி அக்னஸும் இருக்கிறோம், நீ மஸ்கட்டில் வேளைக்குச் சாப்பிட்டு நோய்நொடி இல்லாமல் இருந்தால் அதுவே எனக்குப் போதும். அப்பா அடக்கத்துக்கு வர முடியவில்லையே என்று ஒவ்வொரு தடவையும் எழுதாதே, லீவு கொடுக்காததற்கு நீ என்னப்பா செய்வாய். அக்னஸ் எப்படி இருக்கிறாள் என்று கேட்டிருந்தாய், அதைத்தான் எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. தவக்காலத்தில் அப்பா போனதிலிருந்து அவள் வாய் திறப்பதில்லை, பசித்தால் தட்டை எடுத்து வைப்பாள், அவ்வளவுதான். பக்கத்து வீட்டு நஜ்முன்னிசா, எங்க வீட்ல நாலு வாய் ஓயாம கத்துதுக்கா, ஒண்ண உங்க பொண்ணுக்குக் கடன் குடுக்கிறேன் என்று வந்து சிரிக்க வைத்துப் பார்த்தாள், அதற்கும் பேச்சில்லை.

ஸ்கூலில் பேட்ரிசியா டீச்சர் இந்த வருஷம் பிள்ளைகளைப் பேசப் பழக்குகிறார்கள். ஒரு பிள்ளை முன்னால் வந்து வீட்டுக் கதை ஏதாவது சொல்ல வேண்டும், மற்ற பிள்ளைகள் புத்தகத்தை மூடிவிட்டுக் கேட்க வேண்டும், பிறகு கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அக்னஸ் கேட்பதையெல்லாம் கேட்கிறாளாம், எழுதச் சொன்னால் ஒன்று விடாமல் எழுதுகிறாளாம், எழுந்து நின்றால் மட்டும் பேச்சு வரவில்லையாம். டீச்சர் என்னைக் கூப்பிட்டு, வீட்ல எப்பவாவது பேசுதாம்மா என்று கேட்டார்கள். சாயங்காலம் செபமாலை சொல்லும்போது மட்டும் அவள் சத்தம் கேட்கும் டீச்சர் என்றேன். ஒவ்வொரு மணிக்கும் அருள் நிறைந்த மரியே என்று அப்பா தொடங்குகிற முதல் பாதியை இப்போது நான் சொல்லுகிறேன், மறுபாதியை அவள் எப்போதும் போலச் சொல்லுவாள், அந்தக் குரலைக் கேட்பதற்காகவே மாலையில் ஐம்பத்து மூன்று மணியும் உருட்டி முடிந்தும் நான் மறுபடி தொடங்குவேன்.

டீச்சருக்கு ஒரே சந்தோஷம், நல்ல வழி கிடைச்சிருச்சு என்று திங்கட்கிழமை காலை ஜெபத்துக்கு அவளை மைக் முன்னால் நிறுத்திவிட்டார்கள். நல்ல எண்ணத்தில்தான் செய்தார்கள். ஆனால் மைக்கில் நிற்பவர் முதல் பாதியை அல்லவா சொல்ல வேண்டும், அது நம் வீட்டில் அப்பாவுடையது, அவள் வாயால் ஒரு நாளும் சொன்னதில்லை. யாராவது தொடங்குவார்கள் என்று அவள் நின்றாளாம், அவள் தொடங்குவாள் என்று பிள்ளைகள் எல்லோரும் நின்றார்களாம். யாரோ ஒருத்தி சிரிக்க, மைதானமே சிரித்திருக்கிறது. டீச்சர் வீட்டுக்கு வந்து, நான் யோசிக்காம செஞ்சுட்டேம்மா என்று அழுதார்கள், அவர்களுக்கு நான் காபி போட்டுக் கொடுத்தேன், வேறு என்ன செய்ய.

அன்றிலிருந்து வீட்டு ஜெபத்திலும் அவள் சத்தம் இல்லை. முதல் பாதியைச் சொல்லிவிட்டுக் காத்திருக்கிறேன், பிறகு மறுபாதியையும் நானே சொல்லிக்கொள்கிறேன். மணியை மட்டும் என்னோடு உருட்டுகிறாள்.

நீ வெயிலில் தலையில் துணி கட்டாமல் போகாதே. அப்பா ஆத்துமாவுக்கு அங்கே கோயிலில் ஒரு பூசை வைக்க முடிந்தால் வை. மாதா உன்னைக் கைவிட மாட்டாள்.

உன் அம்மா,
சகாயம்மாள்

இதை எழுதும்போதே கோயில் மணி அடித்துவிட்டது, அவள் வந்து பாயில் உட்கார்ந்திருக்கிறாள். இன்றைக்கு நான் முதல் பாதியைத் தொடங்கட்டுமா ராசு, வேண்டாமா?