கழுத்து திரும்பும் பக்கம்

ரங்கூன், போட்டாதாங்
வெள்ளிக்கிழமை

பிஸ்மில்லாஹ்.

அன்பு மகன் ஜுல்ஃபிகருக்கு உன் உம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நீ பினாங்கில் கை கால் சுகத்தோடு இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். எல்லாரும் எழுதுகிற வார்த்தைதான் இது, ஆனால் இந்த முறை கையைத் தனியாகவும் காலைத் தனியாகவும் சொல்லி அல்லாஹ்விடம் கேட்டிருக்கிறேன். இங்கே நானும் உன் வாப்பாவும் உன் தங்கை ருமானாவும் இருக்கிறோம். கரண்டு வரும்போது தண்ணீர் ஏற்றுகிறோம், போனால் நான் மெஷினைக் காலால் மிதிக்கிறேன், தையல் வேலைக்குக் குறைவில்லை. இதற்குப் பெயர் நலம் என்றால் நாங்கள் நலம்.

போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் பேசுகிற நேரமெல்லாம் நீ வண்டியில் போய்க்கொண்டிருந்தாய் என்பது எனக்கு இப்போதுதான் தெரியும். ஆமா உம்மா, சரி உம்மா என்று நீ சொல்லும்போது பின்னால் கேட்ட இரைச்சலை ஃபேன் சத்தம் என்றாய். குளிரூட்டிய குடோனில் பெட்டி அடுக்குகிற வேலை, வெயிலே படாது என்று சொன்னாய், நானும் அதை இந்தக் கட்டிடத்தின் எல்லா மாடியிலும் சொல்லிப் பெருமைப்பட்டேன். மணிக்கட்டில் கட்டுப் போட்டிருந்ததைக் கேட்டதற்குக் குளியலறையில் வழுக்கியது என்றாய். இனி உன்னிடம் போனில் எதையும் சொல்வதாக இல்லை. கடிதத்தை வண்டி ஓட்டிக்கொண்டே படிக்க முடியாது. பர்மா பாஷையில் எழுதினால் மடமடவென்று படித்துவிடுவாய் என்று ருமானா சொன்னாள், அதனால்தான் தமிழில் எழுதுகிறேன். நீ எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய், அவ்வளவு நேரமாவது ஓர் இடத்தில் உட்கார்ந்திரு. புரியாத இடத்தைக் கமால் மாமாவிடம் கேள், அவர் கையில்தான் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அவர் வயதானவர் என்பதால் ஏர்போர்ட்டில் யாரும் நிறுத்த மாட்டார்கள், சரக்கு வாங்கப் போய் வருகிறார். உன் வயதுப் பையன் அந்த வாசலைத் தாண்ட முடியாது என்கிற காலத்தில் அவருக்கு நரைத்த தாடி ஒரு பாஸ்போர்ட்.

நீ அனுப்பிய வீடியோவைப் பற்றி முதலில் சொல்கிறேன். தலைக்கவசத்தில் கேமராவை ஒட்டிக்கொண்டு நீ எடுத்தது, சிவப்பு வேன் ஒன்று உன் முன் சக்கரத்தை உரசுவதுபோல் வந்து நின்றது, நீ சிரித்தாய், அதற்கு மேலே ஒரு பாட்டு வேறு போட்டிருந்தாய். குடோன் வேலை செய்கிறவனுக்கு வண்டி எதற்கு என்றதற்கு, நண்பனுடைய வண்டி, சும்மா ஒரு சுற்று போனேன் என்று எழுதினாய். அன்று ஜும்ஆ முடிந்து உன் வாப்பாவோடு அப்துல் பாரி சாச்சாவும் சாப்பிட வந்திருந்தார். எல்லாரும் போனைச் சுற்றி உட்கார்ந்து பார்த்தார்கள். சாச்சா தொடையைத் தட்டிக்கொண்டு, பையன் பிரேக் புடிச்சான் பாருங்க, நம்ம ரத்தம்ல என்றார். அவர் வாழ்நாளில் ஒரு சைக்கிளில் ஏறியதில்லை. உன் வாப்பா, அல்லாஹ் காப்பாத்திட்டான் என்று சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் கறி வைக்கச் சொன்னார். நான் வைத்தேன். எனக்கு அந்தச் சோறு இறங்கவில்லை, யாரும் அதைக் கவனிக்கவும் இல்லை.

அதற்கு அடுத்த வாரம்தான் நசீர் வந்து சேர்ந்தான். உன்னோடு புறப்பட்டுப் போன அதே நசீர், லான்மடாவ் நூர் பீவி லாத்தாவின் மகன். அவன் அடிபட்டதை நீ என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கட்டையை ஊன்றிக்கொண்டு வந்தான் ஜுல்ஃபி. முட்டியில் இரும்பு வைத்திருக்கிறார்கள், கால் மடங்கவில்லை, இனிமேல் மடங்காது என்று சொல்லிவிட்டார்களாம். ஆஸ்பத்திரியில் காகிதம் கேட்டார்கள், காகிதம் இல்லை, கால் ஆறுவதற்குள் ஊருக்கு ஏற்றிவிட்டார்கள். நீ அவனோடு ஒரே அறையில் இருந்தாய், இரண்டு பேருக்கும் வண்டியில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை, அதுவும் வேறு யாரோ பெயரில். அவன்தான் எல்லாவற்றையும் சொன்னான், அவன்மேல் கோபப்படாதே. நான் விடாமல் கேட்டேன், அவனுக்கு வேறு வழியில்லை.

எப்படி அடிபட்டாய் என்றேன். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். மாமி, சந்துலேர்ந்து பெரிய ரோட்டுக்கு வந்தேன், பாத்துட்டுத்தான் வந்தேன், ரோடு காலியா இருந்துச்சு, ஏறுனேன், அதுக்கப்புறம் எனக்கு ஒண்ணும் தெரியாது என்றான். எந்தப் பக்கம் பார்த்தாய் என்றேன். இடப்பக்கம் மாமி என்றான். வண்டி வந்தது வலப்பக்கத்திலிருந்து. உங்க மகனும் அப்படித்தான், நாங்க ரெண்டு பேருமே தினமும் எங்களையே திட்டிக்குவோம், ஆனா அவசரத்துல கழுத்து தானா இடப்பக்கம் போயிடுது என்றான்.

அவன் போனபிறகு ருமானாவிடம் போனை வாங்கி உன் வீடியோவைத் திரும்பப் பார்த்தேன். எல்லாரும் அந்தச் சிவப்பு வேனைத்தான் பார்த்தார்கள். நான் அதற்கு முன்னால் வருவதைப் பார்த்தேன். கேமரா உன் தலையில் இருக்கிறது, உன் தலை திரும்பும் பக்கம் படமும் திரும்புகிறது. சந்து முனையில் படம் இடப்பக்கம் திரும்புகிறது. காலி ரோடு, ஒரு சீனன் கடை, ஒரு மரம். நீ ஏறுகிறாய். அப்போதுதான் வலப்பக்கத்திலிருந்து ஹாரன். பாட்டை நிறுத்திவிட்டுப் பார், உனக்கே தெரியும். நீ பிரேக் பிடித்ததால் பிழைக்கவில்லை மகனே, அந்த வேன்காரன் பிடித்ததால் பிழைத்தாய். அவன் முகம்கூட உனக்குத் தெரியாது. அவன் அன்று நன்றாகத் தூங்கி எழுந்திருந்தான் போலிருக்கிறது, அவ்வளவுதான் உன் சாமர்த்தியம்.

மறுநாள் காலைப் பசியாற மொகிங்கா வாங்கப் போகும்போது ஸ்டிராண்ட் ரோட்டு ஓரத்தில் வேண்டுமென்றே நின்று என் கழுத்தையே கவனித்தேன். இடப்பக்கம்தான் திரும்பியது. பக்கத்தில் நின்ற பள்ளிக்கூடப் பிள்ளைகள், மீன் கூடைக்காரி, சைக்கா ரிக்‌ஷா மிதிக்கிறவர், எல்லார் தலையும் இடப்பக்கம்தான். இந்த ஊரில் வண்டி அந்தப் பக்கமிருந்துதான் வருகிறது, நடக்கப் பழகியதிலிருந்து நாம் அப்படியே திரும்புகிறோம், யாரும் சொல்லித் தருவதில்லை. என் வாப்பா சொல்வார், அவர் வாலிபமாக இருந்தபோது இங்கேயும் வண்டிகள் உங்கள் பினாங்கு மாதிரிதான் ஓடினவாம். ஒரு நாள் மேலே இருந்தவர்கள் பக்கத்தை மாற்றச் சொன்னார்கள், மறுநாள் நாடே மாறிவிட்டது. சோசியக்காரன் சொன்னதற்காக என்று சிலர், வேறு காரணம் என்று சிலர், நமக்கு யார் வந்து காரணம் சொன்னார்கள். பிறகு டவுனுக்குள் மோட்டார் சைக்கிளே ஓடக்கூடாது என்றார்கள், அதனால் நீ வளர்ந்த தெருவில் ஒரு மோட்டார் சைக்கிளை நீ ஒழுங்காகப் பார்த்ததுகூட இல்லை. பிறகு வாலிபப் பிள்ளைகள் எல்லாரும் பட்டாளத்துக்கு வர வேண்டும் என்றார்கள், உன்னை நான் ஒரு பையோடு அனுப்பிவைத்தேன். இடம் வலம் எல்லாம் யாரோ சொல்கிறார்கள், ரோட்டில் போய் நிற்பது என் பிள்ளை. எனக்கு வயிறு எரிகிறது, அதை எங்கே போய்ச் சொல்வது என்று தெரியாமல் உன்னிடம் சொல்கிறேன்.

இன்னும் கசப்பானதைக் கேள். நசீர் வந்த செய்தி தெரிந்து வார்டு ஆபீஸ்காரர் அவன் வீட்டுக்குப் போயிருக்கிறார். காலைப் பார்த்தார், கட்டையைப் பார்த்தார், நடந்து காட்டச் சொன்னார், பிறகு பட்டாளத்துக்கு இவன் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்று சாயங்காலம் நூர் பீவி லாத்தா சந்தோஷத்தில் பிரியாணி ஆக்கி ஃபாத்திஹா ஓதி எல்லா வீட்டுக்கும் கொடுத்தனுப்பினார், நமக்கும் வந்தது. மகன் கால் நொண்டியானதற்கு நன்றி செலுத்துகிற உம்மாவை நீ எங்கேயாவது பார்த்திருக்கிறாயா, நான் பார்த்தேன், அவர் கண் ஒரு பக்கம் அழுகிறது, வாய் ஒரு பக்கம் அல்ஹம்துலில்லாஹ் என்கிறது. அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஏனென்றால் அந்தத் தட்டைக் கையில் வாங்கியபோது, அவர் மகன் இன்று அவர் வீட்டில் தூங்குகிறான் என்று எனக்குப் பொறாமை வந்தது. உனக்கும் அப்படி ஆகியிருந்தால் நீயும் இங்கே இருப்பாயே என்று ஒரு நொடி நினைத்துவிட்டேன். அஸ்தஃபிருல்லாஹ். உன் காலை விலையாகக் கொடுத்து உன்னைத் திரும்ப வாங்க எனக்கு வேண்டாம். வா என்று எழுத ஆசையாக இருக்கிறது, எழுத வழியில்லை. அங்கேயே இரு என்று எழுதவும் மனம் வரவில்லை. முழுசாக இரு என்று மட்டும் எழுதுகிறேன்.

வண்டியை விட்டுவிடு. கமால் மாமாவிடம் சொல்லியிருக்கிறேன், அவருக்குத் தெரிந்த சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவ ஆள் தேடுகிறார்களாம். கேவலம் என்று நினைக்காதே, நின்ற இடத்திலேயே நிற்கிற வேலை, எனக்கு அது போதும். நாளைக்கே விட முடியாது என்றால் விடும்வரை நான் சொல்கிறபடி கேள். சந்து முனை வந்தால் காலைத் தரையில் ஊன்றி வண்டியை நிறுத்து, மெதுவாகப் போவது நிறுத்துவதாகாது. சோறு ஆறிப்போனால் ஆறட்டும், திட்டுகிறவன் திட்டிவிட்டுச் சாப்பிடுவான். போனைப் பைக்குள் போடு, நான் கூப்பிட்டாலும் எடுக்காதே, நான் என்ன பெரிதாகச் சொல்லிவிடப் போகிறேன். நீ களைத்திருக்கும்போதும் மழையிலும் கழுத்து பழைய பக்கம்தான் போகும், அந்த நேரத்தில் இன்னொரு முறை பார். தப்பித்துக்கொண்டதை வீடியோ எடுத்து அனுப்பி எங்களைச் சிரிக்க வைக்காதே. தப்பிக்க முடியாமல் போயிருந்தால் அதையும் அந்தக் கேமரா எடுத்திருக்கும், அதை எனக்கு யார் அனுப்புவார்கள் என்று யோசித்துப் பார்.

நூர் பீவி லாத்தா தாயத்து ஒன்று மந்திரித்து உனக்காகக் கொடுத்திருக்கிறார், அதையும் அனுப்புகிறேன், மரியாதையாக வைத்துக்கொள். ஆனால் தாயத்து கழுத்தைத் திருப்பாது. அதனால் சிவப்புத் துணியில் பட்டை ஒன்று தைத்திருக்கிறேன், அகலமாக, கண்ணில் படாமல் போகாத சிவப்பு. அதை வலது மணிக்கட்டில் கட்டிக்கொள். கைப்பிடியைப் பிடித்திருக்கும்போது அது உன் கண்முன்னாலேயே இருக்கும், சிவப்பு தெரிகிற பக்கம்தான் முதலில் பார்க்க வேண்டும். இடது கைக்கு ஒன்றைத் தைக்க மறந்துவிட்டேன் என்று நினைக்காதே, ஒன்றுதான்.

இதையெல்லாம் வீட்டில் உட்கார்ந்துகொண்டு சொல்வது சுலபம் என்று நீ சொல்வாய் என்று எனக்குத் தெரியும், உன் வாய் எனக்குத் தெரியாதா. அதனால் நானும் பழகிப் பார்த்தேன். இந்த வயதில் ஒரு பழக்கத்தை மாற்ற முடிகிறதா என்று தெரிந்தால் உனக்குச் சொல்லலாம் என்று, சிவப்புத் துணியின் மிச்சத்தை என் வலது கையில் கட்டிக்கொண்டு, ரோட்டைக் கடக்கும்போதெல்லாம் முதலில் வலப்பக்கம் திரும்பினேன். முதலில் வரவில்லை, பிறகு வந்தது, எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. நேற்று படகு ஜெட்டிப் பக்கம் நூல் வாங்கப் போனேன். வலப்பக்கம் பார்த்தேன், காலியாக இருந்தது, இறங்கிவிட்டேன். இடப்பக்கத்திலிருந்து வந்த சரக்கு லாரி என் புர்கா ஓரத்தை உரசிக்கொண்டு நின்றது. டயர் கருகிய நாற்றம் இன்னும் என் மூக்கில் இருக்கிறது. லாரிக்காரன் சின்னப் பையன், உன் வயதுகூட இருக்காது, இறங்கி வந்து, அமே, எங்கே பாக்கறீங்க, வண்டி இந்தப் பக்கம்ல வருது என்று பர்மா பாஷையில் சத்தம் போட்டான். என் மகன் இருக்கிற ஊரில் அந்தப் பக்கம்தான் வரும் என்று சொன்னேன். அவன் என்னைப் பைத்தியம் என்று நினைத்துக்கொண்டு கையைப் பிடித்து ரோட்டைக் கடத்திவிட்டுப் போனான். எனக்கு ஒன்றும் ஆகவில்லை, செருப்பு ஒன்றுதான் போனது. உன் வாப்பாவுக்குத் தெரியாது, ருமானாவுக்கும் தெரியாது, நீயும் சொல்லாதே. நீ அந்த வேனுக்குப் பிறகு எப்படிச் சிரித்தாய் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

அல்லாஹ் உன் இரண்டு கண்ணையும் விழிப்போடு வைக்கட்டும், உன்னை எதிர்ப்படுகிற வண்டிக்காரர்கள் எல்லாருக்கும் நல்ல தூக்கத்தையும் நல்ல பிரேக்கையும் கொடுக்கட்டும், தொழுகைக்குப் பிறகு இதைத்தான் கேட்கிறேன். கமால் மாமா திரும்பி வரும்போது வண்டிச் சாவியை யாரிடம் கொடுத்தாய் என்று அவரிடம் சொல்லியனுப்பு. வேறு எதுவும் அனுப்ப வேண்டாம். நான் இங்கே மறுபடியும் இடப்பக்கம் பார்க்கத் தொடங்கிவிட்டேன், என்னை நினைத்துக் கவலைப்படாதே. நீ அங்கே வலப்பக்கம் பார்.

துஆவுடன்,
உன் உம்மா
மதீனா பீவி