நாற்பது சதவீத நெருப்பு

மார்ச் 3, திங்கள்

இன்று கூட்டத்தில் வாய் கொடுத்து மாட்டிக்கொண்டேன். வருத்தம் ஒன்றும் இல்லை.

எந்த மின் நிலையம் எந்த நேரத்தில் எவ்வளவு தர வேண்டும் என்று உத்தரவு போடுகிற லோடு சென்டரிலிருந்து ஒரு தாள் வந்திருக்கிறது. எங்கள் மூன்றாம் யூனிட் பகலில் நாற்பது சதவீதத்துக்கு இறங்கி இரண்டு மணி நேரம் நிற்க வேண்டும். மாலையில் மறுபடி முழுசாக ஏறிக் காட்ட வேண்டும். முடியாவிட்டால் ஜூனோடு யூனிட்டை மூடிவிடுவார்கள். நூற்று எண்பது பேர் அதில் சம்பளம் வாங்குகிறோம்.

எல்லோரும் தாளைப் பார்த்தார்கள், பிறகு சுவரைப் பார்த்தார்கள். "சுடர் அணையாம இருக்க எண்ணெய் ஊத்தாம அறுபதுக்குக் கீழ நாம போனதே இல்லையே" என்று ஒரு குரல் வந்தது. நான், "இறக்கிக் காட்டறேன் சார்" என்றேன். தலைமைப் பொறியாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "எப்போம்மா?" என்றார். பன்னிரண்டாம் தேதி என்று சொல்லிவிட்டேன்.

பதினெட்டு வருடமாக அந்த கன்ட்ரோல் ரூம் மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். அந்த நெருப்பின் குணம் எனக்குத் தெரியாதா என்ன?

மார்ச் 4, செவ்வாய்

வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்துகிறவர். மின்சாரம் என்றால் அவருக்கு சுவிட்சோடு சரி. "நல்லா ஓடற மெஷினை எதுக்கு இறக்கச் சொல்றாங்க?" என்று கேட்டார். தட்டை நகர்த்திவிட்டு விளக்கினேன்.

நிலக்கரியை மாவாக அரைத்துக் காற்றோடு சேர்த்து பாய்லருக்குள் ஊதுகிறோம். அது எரிந்து, சுற்றிலும் உள்ள குழாய்களில் தண்ணீரை நீராவியாக்குகிறது. நீராவி டர்பைனைச் சுற்றுகிறது, டர்பைன் ஜெனரேட்டரைச் சுற்றுகிறது. நிமிடத்துக்கு மூவாயிரம் சுற்று. இப்படி வருகிற மின்சாரத்தை மூட்டை கட்டி அடுக்கி வைக்க இடமில்லை. பேட்டரிகள் வருகின்றன, ஆனால் ஊருக்குப் போதாது. எந்த நொடியில் எவ்வளவு எடுக்கிறார்களோ, அந்த நொடியில் அவ்வளவுதான் போட வேண்டும். நடுப்பகலில் சூரிய மின்சாரம் வெள்ளமாக வருகிறது. அதற்கு எரிபொருள் வேண்டாம், புகை இல்லை, அதனால் அதைத்தான் முதலில் எடுப்பார்கள். நாங்கள் வழி விட வேண்டும். மாலையில் எல்லா வீட்டிலும் விளக்குப் போடுகிற நேரத்துக்கு சூரியன் கிளம்பிப் போய்விடும். அப்போது நாங்கள் வேண்டும்.

"அதாவது மத்தியானம் ஓரமா ஒதுங்கி நிக்கணும், சாயங்காலம் கூப்பிட்டதும் ஓடி வரணும். உங்க வீட்டு விசேஷத்துல என் நிலைமைதான்" என்றார். மனிதருக்குப் புரிந்துவிட்டது.

மார்ச் 9, ஞாயிறு

தங்கை வந்திருந்தாள். அவளுக்குச் சூரிய மின் நிலையத்தில் கண்காணிப்பு வேலை. வந்ததும் வராததுமாக, "அக்கா, உன் அடுப்பு எப்படி இருக்கு?" என்றாள்.

"ஒரு மேகம் வந்தா நீ படுத்துடுவ. என் அடுப்பைப் பத்திப் பேசறியா?"

"படுப்பேன். மேகம் போனா அடுத்த நிமிஷம் எழுந்துக்குவேன். உன்னால முடியுமா?"

முடியாது. குளிர்ந்த பாய்லரை எழுப்ப எங்களுக்கு அரை நாளுக்கு மேல் ஆகும். அவளிடம் ஒப்புக்கொள்ளவா முடியும்? அவளுடைய பலகையில் சிலிக்கான் மேல் வெளிச்சம் விழுகிறது, அந்த வேகத்தில் உள்ளே இருக்கிற எலக்ட்ரான்கள் நகர்கின்றன, அதுதான் மின்சாரம். சுற்றுவதற்கு ஒன்றுமே இல்லை. எனக்கு அது இன்னும் கொஞ்சம் ஏமாற்று வேலை மாதிரிதான் படுகிறது.

கிளம்பும்போது கேட்டாள். "நீ ஒரு நாளைக்கு எவ்வளவு கரி கொளுத்துவ?"

"முழு லோடுன்னா மூவாயிரம் டன்."

"அது மண்ணுக்குள்ள உருவாக எத்தனை கோடி வருஷம் ஆச்சுக்கா?"

செருப்பைத் தேடிக்கொண்டேதான் கேட்டாள். குத்திக்காட்டிக் கேட்டதாகத் தெரியவில்லை. இருந்தாலும் உறைத்தது. எடுத்தால் திரும்ப வராத பொருள்தான். வாரி வாரிப் போட்டிருக்கிறோம். அதைச் சிக்கனமாக எரிக்கக் கற்றுக்கொண்டால் என்ன கெட்டுவிடும்?

மார்ச் 11, செவ்வாய்

எல்லாம் தயார். கரி அரைக்கிற ஆறு மில்லில் இரண்டே மில் போதும் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன். நாளை காட்டுகிறேன்.

மார்ச் 12, புதன்

அணைஞ்சு போச்சு.

பன்னிரண்டு நாற்பதுக்கு. நாற்பது சதவீதம்னா எண்பது மெகாவாட்டுக்குப் போகணும், எண்பத்தாறு வரை வந்தோம். சுடர் துடிச்சது. நெருப்பைக் கண்காணிக்கிறவர் "மேடம்"னு கத்தினார். அவ்வளவுதான். பாதுகாப்பு ஏற்பாடு தானா வேலை செஞ்சு கரியை நிறுத்திடுச்சு. யூனிட் ட்ரிப், மொத்தமா நின்னுடுச்சு. சுவர் முழுக்கச் சிவப்பு விளக்கு.

ஊரில் ஒரு பல்புகூட மினுங்கவில்லை. நாங்கள் விட்ட இடத்தைச் சூரியனும் மற்ற நிலையங்களும் நிரப்பிவிட்டார்கள். நாங்கள் இல்லாததை யாருமே கவனிக்கவில்லை — அதுதான் நெஞ்சை அறுக்கிறது.

மார்ச் 13, வியாழன்

காலையிலிருந்து பதிவுகளைப் பரப்பி வைத்து உட்கார்ந்திருந்தேன். கரி சரியாகத்தான் போயிருக்கிறது. காற்றுதான் கூட. கொஞ்ச நஞ்சம் இல்லை, நான் சொன்னதற்கு மேலே கால் பங்கு.

ஃபேன்களைப் பார்த்துக்கொள்கிறவரை நாங்கள் காற்றுக்காரர் என்போம். அமைதியான மனிதர். கூப்பிட்டுக் கேட்டேன். தரையைப் பார்த்துக்கொண்டே, "பயமா இருந்துச்சு மேடம். காத்து குறைஞ்சு கரி எரியாம தேங்கிடுச்சுன்னா வெடிச்சிடும். அதான் ஒரு பத்து கூட வச்சேன்" என்றார். நெருப்பைக் கண்காணிக்கிறவரும் வந்து தலையைச் சொறிந்தார். அவரும் மில்லுக்குப் போகிற காற்றைத் தன் பங்குக்குக் கூட்டியிருக்கிறார். சரி, மூன்றாவது ஆள் யார்? நானேதான். காற்றுக்குக் கொடுத்த எண்ணிலேயே ஐந்து கூட்டித்தான் சொல்லியிருந்தேன். கூட்டியதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவே இல்லை.

பெரிய நெருப்புக்குக் கொஞ்சம் அதிகக் காற்று நல்லது. மிச்சம் வைக்காமல் எரியும். அதே காற்றைச் சின்ன நெருப்புக்குக் கொடுத்தால், மெழுகுவத்தியை ஊதின மாதிரி. மூன்று பேரும் பயந்து பயந்து, நெருப்பை ஊதியே அணைத்திருக்கிறோம்.

இந்தப் பழக்கத்தை இந்த அறைக்குக் கொண்டுவந்தது யார்? "காத்து எப்பவும் கொஞ்சம் கூடவே இருக்கட்டும்." புதிதாக வருகிற ஒவ்வொருவரிடமும் பதினெட்டு வருடமாக நான் சொல்வது.

மார்ச் 14, வெள்ளி

தலைமைப் பொறியாளர் அறிக்கையை எழுதி முடித்து வைத்திருந்தார். கரியின் தரம் சரியில்லை, ஈரம் அதிகம். கையெழுத்துப் போட்டால் போதும். யாருக்கும் சேதம் இல்லை.

"கரி நல்லாத்தான் இருந்துச்சு சார். தப்பு என் மேல" என்றேன். பதிவுகளைக் காட்டினேன். அவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"இதை எழுதிக் குடுத்தா இன்னொரு வாய்ப்பு தருவாங்களான்னே தெரியாதும்மா. கரின்னு எழுதினா உறுதியாத் தருவாங்க."

"கரின்னு எழுதிட்டு மறுபடி போனா, மறுபடி அணையும் சார்."

வெளியே வந்தபோது இரண்டு பேர் என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். 'இவ யோக்கியம் காட்ட நம்ம சோத்துல மண்ணா?' என்றுதான் நினைத்திருப்பார்கள். அவர்கள் இடத்தில் இருந்தால் நானும் அப்படித்தான் நினைப்பேன். ஆனால் எழுதியது எழுதியதுதான்.

மார்ச் 19, புதன்

லோடு சென்டரிலிருந்து ஒரே வரி. காரணம் தெளிவாக இருப்பதால் இன்னொரு முறை. 27ஆம் தேதி. அதுவே கடைசி.

மார்ச் 22, சனி

ஒத்திகை. புது விதி ஒன்று போட்டிருக்கிறேன்: வைத்த எண்ணை வைத்தவர் சத்தமாகச் சொல்ல வேண்டும். கேட்டவர் திருப்பிச் சொல்ல வேண்டும். யாரும் தன் பங்குக்குத் தர்மம் போடக் கூடாது.

முதலில் சிரித்தார்கள். ஏலக்கடை மாதிரி இருக்கிறது என்றார்கள். காற்றுக்காரருக்குக் குரலே எழும்பவில்லை. இரண்டாவது மணி நேரத்தில் அவர் என்னையே மடக்கினார். "மேடம், நீங்க சொன்னது அறுபத்தஞ்சு. கணக்குப்படி அறுபதுதான் வருது. அஞ்சு எங்கேர்ந்து வந்துச்சு?"

ஐந்து என் பழக்கத்திலிருந்து வந்தது. கை தானாகக் கூட்டிவிடுகிறது. எடுத்துவிட்டேன். அறையில் ஒருத்தர் விடாமல் சிரித்தார்கள், நானும்தான்.

மார்ச் 27, வியாழன்

நின்றது!

இரண்டு மணிக்கு எண்பது மெகாவாட். எண்ணெய் ஒரு சொட்டு இல்லை. எண்பத்தாறில் சுடர் போன முறை மாதிரியே துடித்தது. என் வலது கை காற்றைக் கூட்டச் சொல்லக் கிளம்பியது, அதை இடது கையால் பிடித்துக்கொண்டேன், வெட்கமில்லாமல், எல்லோரும் பார்க்க. காற்றுக்காரர் இன்னும் இரண்டு குறைத்தார். "அம்பத்தெட்டு" என்றார். "அம்பத்தெட்டு" என்றேன். சுடர் அடங்கிக் குட்டையாக, மஞ்சளாக நின்றது. நான்கு மணி வரை அப்படியே நின்றது.

ஐந்து மணிக்கு ஏறச் சொன்னார்கள். ஒவ்வொரு மில்லாக உள்ளே எடுத்தோம். நிமிடத்துக்கு இரண்டு மெகாவாட். ஆறு மணிக்கு இருநூறு, முழு லோடு. தலைமைப் பொறியாளர் கதவோரம் நின்று பார்த்துவிட்டுப் போனார். ஐந்து நிமிடத்தில் அறையில் எல்லோருக்கும் தேநீர் வந்தது.

தங்கையிடம் சொன்னேன். "அப்போ இனிமே நானும் நீயும் ஷிஃப்ட் மாத்திக்கிறோம்" என்றாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அழுதேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

யூனிட்டை இன்னும் ஏழு வருடம் வைத்துக்கொள்வதாக உத்தரவு வந்து ஒரு மாதம் ஆகிறது. இப்போது தினமும் பகலில் இறங்குகிறோம். பகலில் எரிக்கிற கரியில் மூன்றில் ஒரு பங்கு மிச்சம்.

எனக்கு நான்கு நாள் விடுப்பு, வீட்டுக்கு வெள்ளையடிக்க. மத்தியானம் ஏணி மேல் நின்றிருந்தபோது தங்கை கூப்பிட்டாள். "என்னக்கா, எங்க திரையில பாத்தேன், பதினோரு மணிக்கே மூணாவது யூனிட் நாப்பதுல வந்து நின்னுடுச்சு! மேசையில யாரு?"

காற்றுக்காரர்தான். போன மாதம் தேர்வில் பாஸ் செய்து, என் நாற்காலிக்குத் தகுதி வாங்கிவிட்டார். தங்கை வைத்ததும் அலைபேசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அலுவலகத்திலிருந்து ஒரு அழைப்பு இல்லை, ஒரு சந்தேகம் இல்லை. முன்பெல்லாம் நான் விடுப்பில் இருந்தால் சாப்பிட விட மாட்டார்கள்.

கொஞ்சம் வலித்தது. பொய் சொல்வானேன்.

ஆறரைக்கு வெளிச்சம் போனது. கை முழுக்கச் சுண்ணாம்பு, அப்படியே போய் சுவிட்சைத் தட்டினேன். எரிந்தது.