மாமாவுக்கென்று எடுத்து வைத்தது

மார்ச் 3, திங்கள்
நான் நேர்ஸாக நிற்கிற இதய லாப்பில் இன்று ஐந்து நோயாளர். பில்டர் ஒன்றுதான் மிச்சம். அடுத்தது வர இரண்டு வாரமாகுமாம். வியாழன் நாகேந்திரம் மாமாவுக்குச் செய்கிறார்கள். பைபாஸ் முடிந்து பதினாறு வருடம், காலிலிருந்து எடுத்துத் தைத்த நாளம் அடைத்துவிட்டது. அதை விரிக்கும்போது தூள் உதிரும். உதிர்வது இதயத்தின் சின்னக் குழாய்களுக்குள் போகாமல் இந்தக் குட்டிக் குடைதான் விரிந்து பிடிக்க வேண்டும்.
"எங்கட பிள்ளை உள்ளுக்கை நிக்கேக்கை அண்ணைக்கு என்ன பயம்?" என்கிறாள் அம்மா.

மார்ச் 4, செவ்வாய்
எழுதாமல் விடப் பார்த்தேன். முடியவில்லை.
செல்லையா. கொலன்னாவைக்காரர், மூட்டை தூக்குகிறவர். அவருக்கும் பழைய பைபாஸ், அதே அடைப்பு. டொக்டர் பில்டர் கேட்டார். "முடிஞ்சுது சேர்" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது — இல்லை, தானாக இல்லை. காலையிலேயே அதைக் கையுறைப் பெட்டிக்குப் பின்னால் தள்ளி வைத்தவள் நான்தானே.
பலூனை விரித்ததும் மனுசன் கத்தினார். திரையில் இரத்த ஓட்டம் நின்றேவிட்டது. மருந்துக்கு மேல் மருந்து. கடைசியில் ஐசியு.
வெளியே மனைவி ஜீவராணி என் கையைப் பிடித்தாள். "ஒங்களால முடிஞ்சதெல்லாம் செஞ்சிருப்பீங்க மிஸ்ஸி."

மார்ச் 5, புதன்
உயிர் தப்பிவிட்டார். ஆனால் இதயத்தில் ஒரு பகுதி போய்விட்டது. இனிப் பாரம் தூக்கக்கூடாதாம்.
தானாடாவிட்டாலும் தசையாடும் என்று எனக்கே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை. அவர் எங்கட ஊர் ஆளாக இருந்திருந்தால் செய்திருப்பேனா? விடை தெரியும். அதுதான் வெட்கமாயிருக்கு.

மார்ச் 6, வியாழன்
"பில்டரை இப்பதான் கண்டனான் சேர்" என்று அடுத்த பொய்யும் தயார். தேவைப்படவில்லை. மாமாவின் அடைப்பு, நாளம் இதயக் குழாயோடு சேருகிற இடத்திலேயே இருந்தது. அதற்கப்பால் குடை விரிக்க இடமில்லை. "பில்டர் இருந்தாலும் இவருக்கு வைக்க ஏலாது" என்றார் டொக்டர். இல்லாமலே நன்றாக முடிந்தது.
அது இன்னும் பெட்டிக்குப் பின்னால் கிடக்கிறது.

மார்ச் 9, ஞாயிறு
அம்மாவிடம் உளறினது என் பிழை. மாமா தன்னைப் பார்க்க வருகிற எல்லோருக்கும் சொல்கிறார்: "பிள்ளை எனக்கெண்டே ஒண்டை ஒளிச்சு வச்சவள்." எல்லோரும் என்னைப் பெருமையாகப் பார்க்கிறார்கள். சீ. தேத்தண்ணியைக்கூடக் குடிக்காமல் எழும்பி வந்தேன்.

மார்ச் 10, திங்கள்
டொக்டரிடம் சொல்லிவிட்டேன். "போட்டிருந்தாலும் நடந்திருக்கலாம், நடக்காமலும் விட்டிருக்கலாம். இனி எங்களுக்குத் தெரியவராது" என்றார். லாப்புக்கு வர வேண்டாமாம். விசாரணை நடக்கும்.

மார்ச் 11, செவ்வாய்
வார்ட் வாசலில் ஜீவராணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மாமாவுக்காக ஒளித்ததையும் சொன்னேன். ஏசுவாள், அடிப்பாள் என்று நின்றேன். அவள் கேட்டது இவ்வளவுதான்.
"ஒங்க மாமா நல்லா இருக்காரா?"
ஓம் என்று சொல்ல வேண்டியிருந்தது.